நீச்சல் குளம் பற்றிக் கவுன்சில் கேட்கிறது. நாம் பதில் சொல்கிறோமா?





சில ஆண்டுகளுக்கு முன்பு நம் பகுதி லெஷர் சென்டர் ஒன்றில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று நீச்சல் நேரம் இருந்தது. நானும் என் இரண்டு மகள்களும் போவோம். தெருவில் இருந்த இன்னும் சில தாய்மார்களும் வருவார்கள். ஊரில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தும் கணுக்கால் நனைய மட்டுமே தண்ணீரில் நின்ற ராத்தா ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இங்கேதான் முதன்முதலில் மிதக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் பெண் லைஃப்கார்டு வேலையை விட்டுப் போனார். அந்த நாற்காலியில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தார். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பிறகு நேரம் இரவு எட்டரைக்கு மாறியது. மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளைகளோடு வந்தவர்களும் நின்றார்கள். சில மாதங்களில் அந்த ஒரு மணி நேரமே அட்டவணையிலிருந்து காணாமல் போனது. ரிசப்ஷனில் போய்க் கேட்டேன். "கன்சல்டேஷன் நடத்தினோமே, யாரும் ஆட்சேபிக்கவில்லை. வருகையும் குறைவு" என்று அங்கிருந்த பெண் பணிவாகத்தான் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. கேள்வித்தாள் பல வாரங்கள் அதே ரிசப்ஷன் மேசையில் இருந்திருக்கிறது. ஆனால் குளத்துக்கு வர முடியாமல் நின்றுபோனவர்கள் அந்த மேசைக்கு எப்படி வருவார்கள்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் போய்ச் சொல்லவில்லை. அந்த மௌனம் "தேவை இல்லை" என்று கணக்கில் ஏறிவிட்டது.

லண்டனிலும் இங்கிலாந்தின் பிற ஊர்களிலும் பொது நீச்சல் குளங்களின் எதிர்காலம் பற்றிக் கவுன்சில்கள் மக்களிடம் கருத்துக் கேட்பது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கருத்துக் கேட்பு என்பது என்ன, அதில் நமக்கு என்ன உரிமை, என்ன எழுதினால் பயன் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

குளங்கள் ஏன் கேள்விக்குள்ளாகின்றன?

இந்நாட்டில் பொதுக் குளங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஏழைத் தொழிலாளர்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் உள்ளூர் வரிப்பணத்தில் இடம் கட்டலாம் என்று 1846ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அன்று தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்றைய லெஷர் சென்டர். ஆனால் சட்டம் ஒரு விஷயத்தில் இளக்கமாக இருக்கிறது. நூலகச் சேவை தருவது 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. நீச்சல் குளம் அப்படியல்ல. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில் குளம் "நடத்தலாம்" என்கிறது. "நடத்த வேண்டும்" என்று சொல்லவில்லை. ஆகவே பணம் இறுகும்போது முதலில் கத்தி விழும் இடங்களில் குளமும் ஒன்று.

குளம் செலவு பிடிக்கும் கட்டடம். தண்ணீரை இரவு பகலாகச் சூடாக வைத்திருக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், ஈரக் காற்றை வெளியேற்ற வேண்டும், லைஃப்கார்டு இல்லாமல் திறக்க முடியாது. இன்று இயங்கும் குளங்கள் பல 1960களிலும் 70களிலும் கட்டப்பட்டவை. எரிபொருள் விலை ஏறிய பிறகு நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், 2023 மார்ச் பட்ஜெட்டில் இங்கிலாந்தின் பொதுக் குளங்களுக்காக மட்டும் அரசு 6 கோடியே 30 லட்சம் பவுண்டு ஒதுக்க நேர்ந்தது.

மூடிய குளம் திரும்பத் திறப்பது எளிதல்ல. கிழக்கு லண்டன் பாப்லர் பாத்ஸை நம்மில் பலருக்குத் தெரியும். இப்போதுள்ள கட்டடம் 1933இல் திறக்கப்பட்டது, 1988இல் மூடப்பட்டது. அந்தப் பகுதி மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுபடி திறந்தது 2016இல். இடையில் 28 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் அந்தக் குளத்தைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

"நாம குளத்துக்கே போறதில்லையே, நமக்கு எதுக்கு இந்த வம்பு ராத்தா?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்.

முதலாவது, பிள்ளைகளின் உயிர். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீட்டர் துணையின்றி நீந்தவும், தண்ணீரில் ஆபத்து வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம். பள்ளிக்கூடம் அதை எங்கே கற்றுக்கொடுக்கும்? பக்கத்துப் பொதுக் குளத்தில்தான். அந்தக் குளம் மூடினால் பேருந்தில் தூரம் போக வேண்டும். பேருந்துக்குச் செலவு, பாட நேரம் குறைவு. தனியார் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைதான் விடுபடும்.

இரண்டாவது, நம்மவர்கள் ஏற்கெனவே பின்தங்கி இருக்கிறோம். ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, ஆசியப் பின்னணி கொண்ட பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நீந்துவதில்லை. பிள்ளைகளிலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் நீந்துவதில்லை. கோடையில் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். நீந்தத் தெரியாத பிள்ளையோடும், நீந்தத் தெரியாத தாயோடும் தகப்பனோடும் போகிறோம்.

மூன்றாவது, உடல்நலம். சர்க்கரை, மூட்டுவலி, முதுகுவலி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். மூட்டுக்குப் பாரம் தராத உடற்பயிற்சி நீச்சல்.

கருத்துக் கேட்பு: நான்கு விதிகள்

கவுன்சிலின் கடிதத்திலோ சுவரொட்டியிலோ "கன்சல்டேஷன்" என்று இருக்கும். ஒரு குளத்தை மூடுவதா, இடித்துக் கட்டுவதா, நேரத்தைக் குறைப்பதா, கட்டணத்தைக் கூட்டுவதா, நடத்தும் நிறுவனத்தை மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன் மக்களின் கருத்தைக் கேட்பதுதான் அது. அது வாக்கெடுப்பு அல்ல. நூறு பேர் வேண்டாம் என்றால் கவுன்சில் கைவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கண்துடைப்பாக நடத்தவும் முடியாது.

1985இல் பிரென்ட் கவுன்சில் பள்ளிகளை மூடுவது பற்றிய வழக்கில் நீதிமன்றம் ஏற்ற நான்கு விதிகள் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன:

1. முடிவு இன்னும் உருவாகும் கட்டத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். முடிவு செய்துவிட்டுக் கேட்பது செல்லாது.
2. மக்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களையும் தகவல்களையும் தர வேண்டும்.
3. பதில் சொல்லப் போதிய அவகாசம் தர வேண்டும்.
4. வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

2014இல் உச்ச நீதிமன்றம் ஹேரிங்கே கவுன்சில் வழக்கில் இன்னும் ஒன்றைத் தெளிவாக்கியது. கவுன்சில் டாக்ஸ் சலுகையைக் குறைப்பது பற்றி மக்களிடம் கேட்டபோது, குறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற எண்ணம் வரும்படி கடிதம் எழுதப்பட்டிருந்தது. வரியைச் சற்று உயர்த்தலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம் போன்ற மாற்று வழிகளையும், அவற்றை ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்லாததால் அந்தக் கருத்துக் கேட்பு சட்டப்படி தவறு என்று தீர்ப்பானது. ஆனால் இடையில் காலம் ஓடிவிட்டதால் மறுபடி நடத்தும்படி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. எனவே நமக்கு இரண்டு பாடம். "வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள்?" என்று கேட்கலாம். அதை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

பெண்கள் நேரம் கேட்பது சலுகை கேட்பதா?

பலர் இங்கேதான் தயங்குகிறோம். "நமக்காகத் தனியாகக் கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்ற கூச்சம்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, ஒவ்வொரு கவுன்சிலும் முடிவெடுக்கும்போது பாகுபாட்டை நீக்குவது பற்றியும், வாய்ப்பில் பின்தங்கியவர்களுக்கு வழி திறப்பது பற்றியும் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. பால், மதம், இனம், வயது, உடற்குறை ஆகியவை இதில் அடங்கும். அதற்காகத்தான் கவுன்சில்கள் "சமத்துவத் தாக்க மதிப்பீடு" என்ற அறிக்கையைத் தயாரிக்கின்றன. தக்க காரணம் இருக்கும்போது ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று சேவை தருவதற்கும் அதே சட்டம் இடம் தருகிறது.

இந்தச் சட்டம் நாம் கேட்டதையெல்லாம் தரச் சொல்லவில்லை. நம் தேவையை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. நம் தேவை என்னவென்று நாமே சொல்லாவிட்டால் எண்ணிப் பார்க்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

பெண்கள் நேரத்தால் பயன்பெறுவது நாம் மட்டும் அல்ல. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடலைக் காட்டக் கூசும் பெண்கள், வயதானவர்கள், யூதச் சகோதரிகள் என்று பலர் வருவார்கள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் பெண்களுக்கான குளம் 1920களிலிருந்தே இருக்கிறது. டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் 2024இல் தன் லெஷர் சென்டர்களைத் தானே நடத்தத் தொடங்கி, 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 55 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் இலவச நீச்சலை அறிவித்தது. அங்கு வசிக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் அது பொது. கேட்கத் தகாத எதையும் நாம் கேட்கவில்லை.

என்ன எழுதுவது?

"பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது ஒரு புள்ளியாக எண்ணப்பட்டு முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எனக்கு 38 வயது. மூன்று பிள்ளைகள். இந்தக் குளத்திலிருந்து பத்து நிமிட நடையில் வசிக்கிறேன். இப்போது வருவதில்லை. காரணம், பெண்கள் நேரத்தில் ஆண் லைஃப்கார்டு இருக்கிறார். பார்வையாளர் பகுதியின் கண்ணாடிக்குத் திரை இல்லை. இவை இரண்டும் சரியானால் சனிக்கிழமை காலை என் இரண்டு மகள்களோடு வாரம் தவறாமல் வருவேன்."

இதில் யார், எவ்வளவு தூரம், ஏன் வரவில்லை, எது மாறினால் வருவேன் என்று நான்கும் இருக்கின்றன. அதிகாரி இதை அறிக்கையில் அப்படியே எடுத்துப் போட முடியும். உங்கள் நிலைமைக்கு ஏற்பக் கீழ்க்கண்டவற்றில் பொருந்துவதைச் சொல்லுங்கள்:

• பெண்கள் நேரத்தில் லைஃப்கார்டும் பயிற்சியாளரும் பெண்களாக இருப்பது. ஒருவர் விடுப்பு எடுத்தால் மாற்று யார் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் நேரம் சரியத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

• கண்ணாடிச் சுவருக்கும் பார்வையாளர் பகுதிக்கும் திரை. புதிதாகக் கட்டுவதாக இருந்தால் வரைபடம் போடும்போதே சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு செலவு கூடும். உடை மாற்றக் கதவுள்ள தனி அறைகளும் அப்படியே.

• உடை. முழு உடலையும் மறைக்கும் நீச்சல் உடையும், ஆண்களுக்கு முழங்கால் மறையும் நீச்சல் கால்சட்டையும் அனுமதி என்று விதிப்பலகையில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

• நேரம். வார நாட்களில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் மக்தப் போகிறார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ. லண்டனில் மஃரிப் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே வந்துவிடும். ஜூனில் இரவு 9.20ஐத் தாண்டும். இது அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ரமழானில் நேரத்தை மாற்றி வைக்கக் கேட்கலாம்.

• தாயோடு வரும் ஆண் பிள்ளைக்கு எந்த வயது வரை அனுமதி என்ற தெளிவு. சற்று வளர்ந்த பையன்களுக்குத் தகப்பனோடு வர ஆண்கள் நேரம்.

• கட்டணம். நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் குடும்பச் சீட்டு இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிட்டால் பயனில்லை.

• போக்குவரத்து. பக்கத்துக் குளம் மூடினால் அடுத்த குளத்துக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள்.

பதில் தரும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டுக்கு ஒரு பதில் என்று நிறுத்திவிடாதீர்கள். வாப்பா ஒரு தாள், உம்மா ஒரு தாள், பதின்வயதுப் பிள்ளைகள் ஒரு தாள். ஒவ்வொருவரும் தனிக் குரல்.

யாராவது எழுதியதை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். ஒரே வாசகத்தில் நூறு வந்தால் அதை ஒரே இயக்கத்தின் பதிலாகச் சேர்த்துவிடுவார்கள். இரண்டே வரியானாலும் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலம் வராதவர்கள் மொழி உதவி கேட்கலாம். இணையம் இல்லாதவர்கள் அச்சுத் தாள் கேட்கலாம்.

கேள்வித்தாளின் கடைசியில் வயது, பால், இனம், மதம் கேட்டிருப்பார்கள். பெரும்பாலோர் பயந்து அதை வெறுமையாக விட்டுவிடுகிறோம். அதை நிரப்புவது கட்டாயமில்லை. ஆனால் முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர் பதில் தந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று பிரித்துப் பார்ப்பது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். வெறுமையாக விட்டால் நாம் எழுதியது இருக்கும், நாம் இருந்தது தெரியாது.

"குளத்தைப் பயன்படுத்துகிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஏன் இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்காத தகவல்.

அதற்குப் பிறகு

கடைசித் தேதி முடிந்ததும் நம் வேலை முடிந்துவிடாது. அதிகாரிகள் பதில்களைத் தொகுத்துக் கவுன்சிலின் கேபினட் கூட்டத்துக்கு அறிக்கை வைப்பார்கள். கூட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். சமத்துவ மதிப்பீட்டில் நம் பதில்கள் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டு கவுன்சிலரிடம் அப்போதே சொல்லுங்கள். அவர் நம் வாக்கில் வந்தவர். வாக்களிக்காதவருக்கும் அவரே பிரதிநிதி. சட்டப்படி தவறு நடந்ததாகத் தோன்றினால் நீதிமன்றம் போக அதிகபட்சம் மூன்று மாதம்தான். அதற்குள்ளும் தாமதிக்கக் கூடாது. ஆகவே உடனே சட்ட ஆலோசனை பெறுங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. கேட்டது கிடைத்தால் போய் நிரப்ப வேண்டும். எங்கள் ஞாயிறு நேரத்தில் ஆண் லைஃப்கார்டு வந்தபோது நாங்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டோம். மேலாளருக்கு ஒரு வரி எழுதவில்லை. ஒவ்வொருவராக நின்றோம். வருகை குறைவு என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மஷூரா நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா. உஹதுப் போருக்கு முன் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தோழர்களிடம் கருத்துக் கேட்டார்கள். இளைஞர்களும் வாய் திறந்து சொன்னார்கள். கேட்கப்பட்ட இடத்தில் நேர்மையாகப் பேசுவது நம் மரபு.

அறக்கட்டளை என்ற முறையில் நாம் எந்தக் கட்சியின் பக்கமும் நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. ஆனால் கருத்துக் கேட்பில் பதில் தருவதற்கும், பதில் தர மக்களுக்கு உதவுவதற்கும் தடை இல்லை. கவுன்சிலிலிருந்து இப்படி ஒரு தாள் வந்தால் தூக்கிப் போடாமல் ஜும்ஆவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். சகோதரிகளுக்குச் சகோதரிகளே உதவுவார்கள்.

ஐம்பது வயதில் மிதக்கக் கற்ற அந்த ராத்தா இன்றும் என்னைக் கண்டால், "அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருமா புள்ள?" என்று கேட்கிறார். அடுத்த கேள்வித்தாள் வரும்போது முதல் பதில் அவருடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.